கால் முளைத்த புள்ளி

தார்த்து நகரில் டிசம்பர்.
மூன்றரை மணிக்கே விளக்கு போட்டாயிற்று.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள்.
யார் யாரை மேற்கோள் காட்டினார்கள்
என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
அடிக்குறிப்புகளின் கணக்குப்பிள்ளை.

இந்த வாரம் ஓர் எண்ணின் பின்னால் போகிறேன்.
குர்க்சோ சதுப்புநிலம்,
அது பிடித்துவைக்கும் நீருக்கும் கரிக்கும்
ஹெக்டேருக்கு, ஆண்டுக்கு,
மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது குரோன்.

நானூற்றுப் பதினோரு கட்டுரைகள் அதைச் சொல்கின்றன.
லிமாவில் ஒன்று, ஒசாகாவில் ஒன்பது.
நைரோபியில் ஒரு முனைவர் பட்டமே
அதன் தோளில் ஏறி நிற்கிறது.
எனக்கு அவர் சொன்னார், என்கிறது ஒவ்வொன்றும்.
அவருக்கு?
அவருக்கு இன்னொருவர்.

திரையில் வட்டங்கள், அம்புகள்.
எல்லா அம்பும் பின்னோக்கியே பாய்கிற
விசித்திரமான போர்.
அவை கடைசியாகத் தைத்து நிற்பது
லீட்ஸ் நகரப் பொருளியலாளர் ஒருவர் மீது,
கிளைவ் ஆர்மிட்ஸ்டெட், 1998.
அவருடைய அட்டவணைக்குக் கீழே எறும்பு எழுத்தில்:
தரவு, எ. வாரிக், நீரியல் நிலைய அறிக்கை, 1994.

நிலவறையிலிருந்து அதை எடுத்துவந்து
மேசையில் போட்டாள் மாரே.
தட்டச்சுத் தாள். துருவேறிய குண்டூசி.
இருபத்தெட்டு வருஷத்தில் கேட்ட முதல் ஆள் நீதான், என்றாள்.
நாற்பத்தொன்றாம் பக்கம்:
3,750.

எங்கள் நாட்டில்
முழுமையையும் பின்னத்தையும் பிரிக்க நிற்பது காற்புள்ளி.
லீட்ஸில் அது ஆயிரத்தின் வாசலில் நிற்கும்.
வாரிக் எழுதியது மூன்றே முக்கால் குரோன்.
அந்த வருஷம் அதற்கு
கறுப்பு ரொட்டியில் பாதி வாங்கலாம்,
வெண்ணெய் இல்லாமல்.

புள்ளிக்குக் கால் முளைத்து
கடல் தாண்டிப் போயிருக்கிறது.
போன இடத்தில் ஆயிரம் மடங்கு சம்பாதித்திருக்கிறது.

எழுந்தே நின்றுவிட்டேன்.
தேநீர் விசைப்பலகையில் கொட்டியது.
நல்ல இதழ் ஒன்று இதைப் போடும்,
தலைப்புகூடத் தோன்றிவிட்டது.

அப்புறம்தான் அந்தக் கோப்பு.
2006, மாவட்டக் குழுக் கூட்டக் குறிப்பு.
பீட் கரி வெட்டும் நிறுவனம் குர்க்சோவைக் கேட்கிறது.
யாரோ அட்டவணையை நீட்டுகிறார்கள்.
இந்த இழப்பீடு எங்களுக்குக் கட்டாது,
விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறோம்.

பக்கத்திலிருந்த லாய்க்சோவுக்குப் போனார்கள்.
அதற்கு யாரும் விலை எழுதியிருக்கவில்லை,
சரியாகவோ தப்பாகவோ.
இப்போது அங்கே நேர்நேராக வாய்க்கால்கள்,
பழுப்புத் தரை,
மே மாதக் காற்றுக்குப் புழுதி எழும்.

ஞாயிற்றுக்கிழமை குர்க்சோ போனேன்.
பலகைப் பாதையில் பனி.
இடுப்புயரப் பைன்கள், என் தாத்தாவைவிட மூத்தவை,
வளர அவசரமில்லாதவை.
பனியை விலக்கிக் கம்பால் குத்தினேன்.
கம்பு போய்க்கொண்டே இருந்தது.
செத்த தன்மேல் தானே ஏறி
வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்
உயர்ந்துகொண்டிருந்தது பாசி.
எந்த எண்ணைச் சொல்லி அதைக் கூப்பிடுவது?

வாரிக்கின் தாளில் இன்னொரு வரி உண்டு,
பென்சிலில்:
ஒரே கோடையின் அளவு இது, மறுபடியும் அளக்க வேண்டும்.
அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டவில்லை.
யாரும் அளக்கவும் இல்லை.

திருத்தக் கடிதம் வரைவில் கிடக்கிறது, மூன்று வாக்கியம்.
அனுப்பினால் நான் நேர்மையானவள்.
புது நிறுவனம் ஒன்று போன மாதம்
மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் கேட்டதாம்,
மாரே சொன்னாள்.

முதலில் ஆர்மிட்ஸ்டெட்டுக்கு எழுதினேன்.
ஓய்வுபெற்றுவிட்டார், எண்பது இருக்கும்.
பதினொரு நிமிடத்தில் பதில் வந்தது.
மன்னிப்பு இல்லை, வாதம் இல்லை,
ஒரே ஒரு கேள்வி:
அந்தச் சதுப்பு இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, என்று தட்டி
அந்தக் காற்புள்ளியோடேயே
அனுப்பிவிட்டேன்.